பரண் மேல் ஒரு இரவு ரயில்

அலுமினிய ஏணியை விரிக்கும்போது இரண்டு சத்தம் வரும். கால்கள் அகலும்போது ஒரு கிறீச். நடுக்கம்பி நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும்போது ஒரு டக். இன்று காலை எதிர்வீட்டுக்கு ஃபேன் மாட்ட வந்தவர் வாசலில் வைத்து ஏணியை விரித்துப் பார்த்தார். கிறீச், டக். கையில் காப்பியோடு ஜன்னலருகே நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். காப்பி ஆடை கட்டியது.

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி விடுதிச் சமையல்காரரைப் பாதிக் கதையில் நிறுத்தி வைத்திருந்தேன். அவருடைய சாம்பார் இன்னொரு வாரம் கொதிக்கட்டும். இந்த ஏணியை முதலில் இறக்கி வைத்தாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து தெருவே இமை மூடியிருந்த நேரம். கடற்காற்று வந்து ஜன்னல் கம்பிகளில் உப்பைத் தடவிக்கொண்டிருந்தது. எங்கள் படுக்கையறைப் பரணுக்கு அடியில் இதேபோல் ஓர் ஏணி. பரண் மேல் என் மகள் நத்தாலி படுத்திருந்தாள். வயது பதினேழு. கீழே கட்டிலில் நான். வாசற்படியில் என் மனைவி செலின், இடுப்பில் கை வைத்தபடி.

நாங்கள் ரயிலில் இருந்தோம். பாரிஸில் புறப்பட்டு நீஸ் நகரத்துக்குப் போகிற இரவு ரயில். செலின் டிக்கெட் பரிசோதகர்.

"டிக்கெட்," என்றாள்.

"டிக்கெட்டெல்லாம் போன்ல இருக்கும்மா," என்றது பரண்.

"போன் எங்க?"

"கீழ, சார்ஜ்ல."

"டிக்கெட் இல்லாத பயணி. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கு."

"அடுத்த ஸ்டேஷன் கிச்சன் தானே, எறங்கினா முறுக்கு எடுத்துக்கினு ஏறிக்கறேன்."

இந்த ஒத்திகைக்கு ஒரு விஞ்ஞானக் காரணம் இருந்தது. அந்த ரயிலில் ஒரு சின்ன அறைக்குள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கைகள். நத்தாலி அதைக் 'கூஷெத்' என்பாள். எங்களுக்குக் கிடைத்தவை எதிரெதிராக இரண்டு மேல் படுக்கைகள். இணையத்தில் அளவைப் பார்த்து, டேப் எடுத்து வந்து பரணை அளந்தவள் அவள்தான்.

"அதுவும் ரெண்டடி சொச்சம். நம்ம பரணும் ரெண்டடி சொச்சம். இதுல படுக்க முடிஞ்சா அதுலயும் முடியும். நான் பாஸ். இப்ப நீங்க ஏறுங்கப்பா."

நான் ஏணியைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது முழங்காலும் ஏணியைப் பார்த்தது. ஏறுவதற்கு முன் கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

தண்டவாளம் முடியும் ஊர்

நான் விழுப்புரத்துக்காரன். ஜங்ஷனுக்குப் பின்புறம் வீடு. எங்கள் தெருவில் தூக்கம் என்பது இரண்டு ரயில்களுக்கு நடுவில் கிடைப்பது. கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்த முதல் வாரம் எனக்குக் கண் மூடவில்லை. அத்தனை அமைதி. இந்த ஊரில் தண்டவாளம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்கப்பால் கொஞ்சம் உப்பளம், கொஞ்சம் மணல், பிறகு தண்ணீர். ரயிலுக்கும் கடலுக்கும் இடையில் ஏதோ பேச்சு முறிந்துபோன மாதிரி இருக்கும்.

செலின் வீட்டாருக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. அவர்கள் பழைய பிரெஞ்சுக் குடும்பம். பிரெஞ்சு என்றால் தமிழ்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், வரும் வழியில் ஆட்டுக்கறி வாங்கி, மிளகாய்த்தூள் தூக்கலாகச் சமைக்கிற பிரெஞ்சு. ஊர் கைமாறியபோது செலினின் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட். பாரிஸ் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு. விழுப்புரம்தான் தூரம்.

"எங்க உன் தம்பியக் காணோம்?" என்று செலினைக் கேட்பேன்.

"பாரிசுக்குப் போயிருக்கான். செவ்வாக்கிழம வந்துடுவான்."

"சரி, ஞாயித்துக்கிழம விழுப்புரம் போயி எங்க அம்மாவப் பாத்துட்டு வரலாமா?"

"அவ்ளோ தூரமா? இந்த வெயில்லயா?"

வீட்டில் நீலப் பாஸ்போர்ட் என்னுடையது ஒன்றுதான். அது பீரோவில் இரண்டு சிவப்புப் பாஸ்போர்ட்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. அவற்றுக்கெல்லாம் மேலே, துணி சுற்றி, 'லிவ்ரே' இருந்தது.

லிவ்ரே என்பது குடும்பப் பதிவுப் புத்தகம். கல்யாணத்தைக் கான்சுலேட்டில் பதிந்தபிறகு கொடுப்பார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பக்கம். கையகலம்தான் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் நகையைத் தொலைத்தால் திட்டு விழும். லிவ்ரேயைத் தொலைத்தால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும்.

பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட பிரான்சுக்குப் போனதில்லை. ஒரு தடவை எனக்கு மஞ்சள் காமாலை, ஒரு தடவை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மற்ற தடவைகளில் மற்றவர்கள் போனார்கள், சீஸோடு திரும்பி வந்தார்கள்.

பன்னிரண்டு மணி நேரம் ஆகுதே

நத்தாலிக்கு நீஸில் கடலைப் பற்றிய படிப்பில் இடம் கிடைத்தது.

"கடல் நம்ம வீட்லேந்து ஆறு தெரு தள்ளி இருக்கு. அதப் பாக்க நீஸ் போவணுமா?" என்று கேட்டேன்.

"இந்தக் கடல எனக்குத் தெரியும்பா," என்றாள்.

படிப்பு மூன்று வருடம். அதற்கு மேல் இன்னும் இரண்டு என்றாள். அதற்கும் மேலே பிள்ளைகள் எண்ணிச் சொல்வதில்லை.

பதினைந்து வயதில் அவள் தன் அறைக் கதவில் பிரெஞ்சில் ஏதோ எழுதி ஒட்டினாள். எனக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் கதவு சாத்தியிருந்ததால் பொருள் விளங்கிவிட்டது. அதுவரை என்னோடு ஓயாமல் பேசியவள். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, பாதிரியார் வீட்டில் யார் துணி துவைப்பார்கள், இறந்துபோன மீனுக்குத் தாகம் எடுக்குமா. எல்லாம் ஒருநாள் கதவுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. எனக்குக் கிடைத்ததெல்லாம் "ம்" தான். அந்த "ம்"முக்குள் எத்தனை வகை உண்டு என்று ஒரு பெரிய ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தேன்.

அவளைக் கொண்டுபோய் விட நான் போவது என்று முடிவானது. செலின் பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி திறக்கிற நேரம், லீவு கிடையாது. பாரிஸ் வரை விமானம். அங்கே செலினின் தங்கை வீட்டில் ஒரு நாள். அங்கிருந்து நீஸுக்கு ரயில்.

"இரவு ரயில் இருக்காமே," என்றேன்.

"ஆறு மணி நேரத்துல போற வண்டி இருக்கும்போது பன்னெண்டு மணி நேர வண்டி எதுக்குப்பா?"

"பன்னெண்டு மணி நேரம் ஆகுதே. அதுக்குத்தான்."

"ம்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. லாப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

அந்த நிமிடத்திலிருந்து இரண்டு மாதம் எங்களுக்குள் நடந்தது பயணத் திட்டம் என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது கதவு திறந்த இரண்டு மாதம். ஒரே மேசை, ஒரே திரை, ஒரே தட்டில் முறுக்கு. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு ராத்திரி. எதிர்ப் படுக்கையில் அவள் தூங்குவதைப் பார்க்க வேண்டும். விடியும்போது தண்டவாளத்தை ஒட்டியே கடல் வருமாம். அதை அவள் காட்ட, நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஐரோப்பா.

அரிசிக்குக் காவல்

எனக்குத் தெரிந்த ரயில் வேறு. ஆகவே கேள்விகள் நிறைய இருந்தன.

"சார்ட் எங்க ஒட்டுவாங்க?"

"எந்த சார்ட்டு?"

"பேரு, வயசு, ஆணா பொண்ணா, பெர்த் நம்பரு. பெட்டி வாசல்ல."

"நம்ம ஊர்லயே இப்ப ஒட்டறதில்லப்பா."

"அப்ப எதிர்ல யாரு வராங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். அதாம்பா அங்க மரியாத."

பிறகு அவள் விதிமுறைகளைச் சொன்னாள். யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. எத்தனை பிள்ளைகள், என்ன சம்பளம், மூச். அவர்கள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது. நம் சாப்பாட்டை அவர்களிடம் நீட்டக் கூடாது.

"நீட்டாம எப்படிச் சாப்புடறது?"

"வாயத் தொறந்து."

புளிசாதத்துக்காக நான் மூன்று நாள் வாதாடினேன். அது கெட்டுப்போகாது, கையில் ஒட்டாது, விழுப்புரம் ஜங்ஷனில் ஏறிய எந்தக் குடும்பமும் அதில்லாமல் ஏறியதில்லை என்று வரலாற்றுச் சான்றுகளை எடுத்து வைத்தேன்.

"கதவு சாத்தின பெட்டிக்குள்ள ஆறு பேர் இருப்போம். நீங்க புளிசாதத்தத் தொறந்தா ஏழாவதா ஒருத்தர் ஏறின மாதிரி இருக்கும்," என்றாள். தீர்ப்பு: ரொட்டியும் வாழைப்பழமும்.

சங்கிலி விஷயத்தை மட்டும் அவளிடம் கேட்கவில்லை. சூட்கேஸைச் சங்கிலியில் கோத்துப் பூட்டாமல் ரயிலில் தூங்குகிறவன் தூங்குகிறவனே இல்லை. பெரிய மார்க்கெட் பக்கத்தில் பெட்டி, பூட்டு விற்கிற பாயிடம் போனேன்.

"எந்த ஊருக்கு சார்?" என்றார், சங்கிலியை முழம் போட்டுக்கொண்டே.

"நீஸ்."

"அது எந்த லைன்ல வருது?"

"பாரிஸ் லைன்."

பாய் நிமிரவில்லை. இந்த ஊர்க் கடைக்காரர்கள் பாரிஸுக்கெல்லாம் நிமிர மாட்டார்கள். "எங்க மச்சான் போனப்போ இதே சங்கிலிதான் எடுத்துக்கினு போனான். அங்க பாத்தா கட்டறதுக்கு சீட்டுக்கடியில வளையமே இல்லியாம்."

"அப்ப எனக்கு வேணாமா?"

"நீங்க வாங்குங்க. வளையம் இல்லாட்டி கால்ல கட்டிக்குங்க."

வாங்கினேன். அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் உலை கொதிக்கையில் சமையலறையிலிருந்து செலினின் குரல் வந்தது. "ஏங்க, இன்னா இது? அரிசிக்குக் காவலா?"

பரணில் கேட்ட தீர்ப்பு

இப்போது ஏறுகிறேன்.

ஏறுவதில் பிரச்சினை இல்லை. நுழைவதில்தான். பித்தளை அண்டாவை ஒரு பக்கம் தள்ளி, கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, நான் உடம்பை நுழைத்தபோது பெட்டிக்குள்ளிருந்த மண் ஒட்டகம் ஒன்று நீள முடி புரளும் என் பிடரியில் முட்டியது. மூவரசர்களோடு பயணம் செய்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"இப்ப பக்கத்துல இருக்கறவர எழுப்பாம எறங்கணும்," என்றாள் நத்தாலி கீழேயிருந்து. "ராத்திரி நீங்க மூணு தடவ பாத்ரூம் போவீங்க. எறங்குங்க பாக்கலாம்."

நான் குப்புறப் புரண்டு ஒரு காலை வெளியே விட்டேன். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. ஏணி அறைவாசலை அடைத்துக்கொண்டு நின்றதால், நத்தாலி அதை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு ஓடினாள். டக், கிறீச். என் கால் காற்றில் நின்றது.

உள்ளே வந்தவர் சொல்தா மாமா. செலினின் சித்தப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை இந்த ஊரில் 'சொல்தா' என்பார்கள். மாமா எண்பதை நெருங்குகிறவர். உட்கார்ந்திருந்தாலும் நிற்பதுபோலவே இருப்பார். நத்தாலி அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். செலின் காப்பி போடப் போய்விட்டாள். அறையில் அவரும் பரணும்.

அண்ணாந்து பார்த்தார். "மாப்ள, அங்க இன்னா பண்றீங்க?"

"ரயில்ல இருக்கேன் மாமா."

"சரி," என்று கட்டிலில் உட்கார்ந்தார். யுத்தம் பார்த்தவர். "எப்போ கெளம்பறீங்க?"

"இன்னும் மூணு வாரம்."

"பேப்பரெல்லாம் ரெடியா?"

"அவளுக்கு எல்லாம் ஆச்சு. எனக்கு நீலப் பாஸ்போர்ட்டாச்சே மாமா. தனியா ஏதாவது எடுக்கணுமா?"

கேட்டேன். அதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். நான் கேட்டேன்.

மாமா சிரித்தார். "உங்களுக்கு இன்னாத்துக்கு? பிரெஞ்சுக்காரி புருஷன் நீங்க. லிவ்ரேயக் கையில எடுத்துக்கினு போங்க. எவனாவது கேட்டான்னா உங்க பேரு இருக்கற பக்கத்தத் தொறந்து மூஞ்சிக்கு நேரா காட்டுங்க. சல்யூட் அடிச்சு உள்ள விடுவான்."

"சல்யூட்டா?"

"அடிக்கலைன்னா எம் பேரச் சொல்லுங்க."

தரையில் நிற்கிறவனாக இருந்தால் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். பரணில் தொங்குகிறவனுக்குக் கீழேயிருந்து வருவதெல்லாம் நல்ல செய்தியாகத்தான் கேட்கும். தவிர, பதினெட்டு வருடமாக இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் யாரும் எதற்கும் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. பெட்டியைக் கட்டுவார்கள், போவார்கள்.

அதன்பின் மாமாவே ஏணியை விரித்துப் பிடித்து என்னை இறக்கினார். "எடது கால். இன்னும் கீழ. ஆட்டாதீங்க. இப்ப வலது." என் வாழ்க்கையில் என் கால்கள் அவ்வளவு ஒழுங்காக யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை.

காலிப் பக்கங்கள்

புறப்பட ஒன்பது நாள் இருந்தது. செலின் காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அட்மிஷன் கடிதம், காப்பீடு, இரவு ரயில் டிக்கெட்டின் அச்சுப் பிரதி. கடைசியாக என் நீலப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கமும் வெளுப்பு.

"விசா எந்தப் பக்கத்துல இருக்கு?"

"லிவ்ரே இருக்கே," என்றேன்.

கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். "யாரு சொன்னது?"

"உங்க சித்தப்பா."

"எப்போ?"

"நான் பரண்ல இருந்தப்போ."

செலின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைங்களுக்கு வருஷம் பூரா கணக்கு சொல்லித் தரேன். எம் புருஷன் விசா எடுத்தாரான்னு கேக்கணும்னு எனக்கே தோணலியே. வீட்ல யாரும் எடுத்து நான் பாத்ததில்லியே."

அதுதான் விஷயம். அந்த வீட்டில் விசா என்பது மற்றவர்கள் வீட்டில் நடக்கிற ஒன்று, புட்டாளம்மை மாதிரி. விசாவை நான் பார்த்துக்கொண்டேன் என்று அவள் நினைத்தாள். நான் மாமா சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நத்தாலி அப்பாவின் பாஸ்போர்ட் என்ன நிறம் என்றே யோசித்ததில்லை.

விண்ணப்ப மையத்தில் கிடைத்த முதல் தேதி, ரயில் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. செலின் யார் யாருக்கோ போன் செய்தாள். தேதி அசையவில்லை.

மாமாவுக்கும் தகவல் போனது. கால் மணி நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில், தன் சொந்த லிவ்ரேயோடு வந்து நின்றார். "நான் போனப்போ ஒருத்தனும் என்ன ஒண்ணும் கேக்கல," என்றார்.

"சித்தப்பா, நீங்க துப்பாக்கியோட போனீங்க," என்றாள் செலின்.

மாமா கையிலிருந்த புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். "லிவ்ரேயும் வச்சிருந்தேன்," என்றார்.

நத்தாலிதான் முதலில் சிரித்தாள். விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "பரண்ல ஏற ஒத்திக பாத்தீங்க, எறங்க ஒத்திக பாத்தீங்க. சங்கிலி வாங்கினீங்க. விசா…" என்று சொல்லவந்தவள் பாதியில் நின்றாள். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே லாப்டாப்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் கூடத்தில் நின்றேன். அந்த ராத்திரியை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். பெயர் தெரியாத ஸ்டேஷன்களில் விளக்குகள் வந்து அவள் முகத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போகும். எதிர்ப் படுக்கையிலிருந்து தூக்கத்தில் ஒரு கை தொங்கும். என்னவோ கேட்பாள். இறந்த மீனுக்குத் தாகம் எடுக்குமா என்பதைப்போல ஒன்று. பதில் தெரியாமல் நான் சந்தோஷமாக விழித்திருப்பேன். இனி அவள் பாரிஸில் தனியாக ஏறுவாள். எதிர்ப் படுக்கை காலியாகப் போகும்.

அடுத்த ஒன்பது நாளும் நாங்கள் காலுறை, மாத்திரை, சார்ஜர் பற்றிப் பேசினோம். ரயிலைப் பற்றி இருவருமே வாயெடுக்கவில்லை.

கால் பங்கு

சென்னை விமான நிலையத்துக்குக் காலையிலேயே கார் சொல்லியிருந்தோம். வாசலில் காருக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். யாரும் அழைக்கவில்லை. கையில் லிவ்ரே.

"எதுக்கு சித்தப்பா இது?" என்றாள் செலின்.

"இருக்கட்டும்," என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லை முடிகிறது. காயும் வலைகளின் வாசனை ஒரு நிமிடம் காருக்குள் ஏறி, இறங்கிக்கொண்டது. பின்சீட்டில் செலின் நடுவில், நத்தாலி ஜன்னலோரம். நான் மறு ஜன்னல். இதையே ரயிலாக்கிவிடலாம் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று அவளைக் கேட்டேன்.

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல," என்றாள் வெளியே பார்த்தபடி. உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் விழுந்த இடங்களில் முகம் சிறு பிள்ளையாகவும், மரநிழல் விழுந்த இடங்களில் யாரோ ஒரு பெண்ணாகவும் மாறி மாறி வந்தது. மூன்று மணி நேரம். பன்னிரண்டில் கால் பங்கு. கணக்கு டீச்சரின் புருஷனுக்கு அது தெரியாதா.

விமான நிலைய வாசலில் டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. காவல் நின்ற வீரருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்கு இந்தி தெரியாது. எனவே மாமா அவரிடம் பிரெஞ்சில் பேசினார். லிவ்ரேயை விரித்து மூஞ்சிக்கு நேரே காட்டினார். அந்த இளைஞர் புத்தகத்தைப் பார்த்தார், மாமாவின் நெஞ்சு நிமிர்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உள்ளே விடவில்லை.

"பாத்தீங்களா மாப்ள," என்றார் மாமா திரும்பி வந்து. "நான் சொன்னேனா இல்லியா."

செலின் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். நீண்ட நேரம் கட்டிக்கொண்டாள். கடைசியில் நத்தாலி தள்ளுவண்டியை உருட்டியபடி என்னிடம் வந்தாள்.

"அப்பா, அந்த நைட் ட்ரெய்ன் டிக்கெட்ட மாத்திட்டேன்."

"என்னோடதா? நல்லதும்மா. வீணாப் போவக் கூடாது."

"ரெண்டையும். நான் இப்ப பகல் வண்டில போயிடுவேன். நைட் ட்ரெய்ன நவம்பர்ல கல்லறைத் திருநாள் லீவுல போட்டிருக்கேன். நான் பாரிசுக்கு வந்து உங்களக் கூட்டினு போறேன்."

"கல்லறைத் திருநாளுக்கா?"

"அப்பத்தாம்பா லீவு விடறாங்க."

"எப்ப மாத்துன?"

"அன்னிக்கேதான். கதவ சாத்திக்கினு இன்னா பண்ணேன்னு நெனச்சீங்க?"

வார்த்தைகளோடுதான் என் பிழைப்பு. "விசா குடுக்கலைன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"குடுப்பாங்க."

வண்டியைத் திருப்பி நான்கு அடி போனவள் நின்றாள். அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, என் முகத்தின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்த முடியைக் காதுகளுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். தலையைச் சாய்த்து, ஸ்டுடியோக்காரர் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தாள்.

"விசாக்கு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி முடிய வெட்டுங்கப்பா. காது ரெண்டும் தெரியலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."